அண்ணிக்குப் பின்னிய தலைத்துணி

நூல் விஷயத்தில் நான் யாரிடமும் யோசனை கேட்கிறவள் இல்லை. செஞ்சி பஜாரில் புடவை முந்தானைக்குக் குஞ்சம் கட்டித் தருவதுதான் பதினெட்டு வருஷமாக என் தொழில். கையில் ஒரு குரோஷா ஊசியும் பத்து நூற்கண்டும் இருந்தால் என்னை ஒருத்தரும் அசைக்க முடியாது என்று எனக்கு ஒரு திமிர் உண்டு. அந்தத் திமிரோடுதான் என் நாத்தனாருக்குத் தலையில் கட்டிக்கொள்ள ஒரு பின்னல் துணி போட உட்கார்ந்தேன். நல்ல சித்திரை வெயில். துணிக்குள் காற்றுப் போக வேண்டும். ஆனால் உள்ளே இருக்கும் தலை யார் கண்ணிலும் படக் கூடாது. இரண்டும் ஒரே துணியில் எப்படி நடக்கும் என்று கேட்க அப்போது எனக்குப் புத்தியில்லை.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். தொண்டூர்ப் பக்கம் கிராமம், மல்லாட்டைக் கடலையும் நெல்லும் போடுகிற குடும்பம். எனக்குக் கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே, நான் வைத்த குழம்பை ஊற்றிக்கொண்டு, "இன்னாடி இது, மாட்டுக்குக் கழனித்தண்ணியா?" என்று கேட்டவர். அதற்கப்புறம் இருபது வருஷத்தில் எங்களுக்குள் நடக்காத சண்டையில்லை. ஆனாலும் மார்பில் கட்டி ஒன்று தட்டுப்பட்டபோது, அவர் புருஷனிடம்கூடச் சொல்லாமல் பஸ் ஏறி நேராக என் கடைக்குத்தான் வந்தார். இரண்டு பேர் புடவையோடு நின்றிருந்தார்கள். "ஏய், கொஞ்சம் உள்ள வா" என்று என்னைத் திரைக்குப் பின்னால் இழுத்துப்போய், என் கையைப் பிடித்து அங்கே வைத்தார்.

அது தை மாசம். புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கு நான்தான் கூட்டிக்கொண்டு போனேன். கட்டி ஈரல்வரைக்கும் பரவிவிட்டது என்று டாக்டர் சொன்னார். மருந்து ஏற்றிப் பார்க்கலாம், ஆனால் பெரிதாக நம்பிக்கை வைக்காதீர்கள் என்றும் சொன்னார். அண்ணி பக்கத்திலேயே உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும் பெஞ்சில் உட்கார்ந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றே ஒன்றுதான் சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கெழம பாப்பா வருது. அதுக்கு நானே சொல்லிக்கிறேன். நீ எதுவும் பேசாத."

பாப்பா என்றால் அவருடைய ஒரே மகள். சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, ஹாஸ்டலில் இருந்தாள். அவளுக்குத் திண்டிவனத்தில் ஒரு இடம் கூடிவந்திருந்தது. பெண் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள், இரண்டு பக்கமும் பிடித்துவிட்டது, வைகாசியில் நிச்சயம் என்று பேச்சு. நான் யோசிக்கவே இல்லை, பட்டென்று வாயைத் திறந்தேன். "அண்ணி, உனக்கு இன்னா பைத்தியமா? அம்மாவுக்கு கேன்சர்னு தெரிஞ்சா எவன் பொண்ணு எடுப்பான்? அவளுக்குச் சொன்னா அவ அந்தப் பையன்கிட்டச் சொல்லுவா. தட்டு மாத்துற வரைக்கும் வாயத் தொறக்காத."

அண்ணி என்னை ஒரு மாதிரி பார்த்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை பாப்பா வந்தபோது எதுவும் சொல்லவில்லை, விஷயம் தெரிந்த புருஷனையும் பேசவிடவில்லை. எனக்கு அதில் ஒரு நிம்மதி. அதை இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் அன்றைக்கு நிம்மதியாகத்தான் இருந்தது.

மருந்து ஏற ஆரம்பித்த மூன்றாவது வாரம் முடி கொத்துக்கொத்தாகக் கையோடு வந்தது. தலையணை முழுக்க முடி. அண்ணிக்கு இடுப்புவரைக்கும் கூந்தல். "இத்தப் பாக்கவே முடியலடி, வழிச்சிடு" என்றார். ஆஸ்பத்திரிக்கு எதிரிலேயே ஒரு சலூனில் மழித்துக்கொண்டு, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு, செஞ்சி பஸ் ஸ்டாண்டில் வந்து இறங்கினோம். இறங்கிய நேரம் பாருங்கள், எதிரே மாப்பிள்ளையின் அம்மா நிற்கிறார். அங்காளம்மனைக் கும்பிட மேல்மலையனூர் போய்விட்டுத் திண்டிவனம் பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டிருந்திருக்கிறார். மாசித் திருவிழா சமயம், ஊரே மேல்மலையனூருக்கும் செஞ்சிக்கும் அலைந்துகொண்டிருந்தது. ஒரு காற்று அடித்தது. அண்ணி தலையிலிருந்து முந்தானை நழுவிவிட்டது.

"ஐயய்யோ, இன்னாங்க இது?" என்றார் அந்த அம்மா.

அண்ணி வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "மலையனூர்ல மொட்டை போட்டுக்கினு வர்றோம்ங்க. பொண்ணுக்கு நல்ல எடம் அமைஞ்சா முடி தரேன்னு வேண்டிக்கினாங்க."

அந்த அம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "எங்க வூட்டு மருமகளுக்காகவா?" என்று அண்ணியின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "சந்தனம் பூசலையா?" என்று கேட்டார். "வேர்வையில எல்லாம் போயிடுச்சுங்க" என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்தப் பொய்! பஸ் வந்து அவர் ஏறிப் போனபிறகு அண்ணி என் கையில் நறுக்கென்று கிள்ளினார். "எதுக்குடி சாமிய இழுத்த?" என்றார்.

பொய் சொன்னால் எல்லோருக்கும் ஒரே மாதிரி சொல்ல வேண்டுமே. அடுத்த தடவை ஊருக்கு வந்த பாப்பாவுக்கும் அதே வேண்டுதல் கதைதான். அவள் அம்மாவின் தலையைப் பார்த்ததும் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"எனக்காகவாம்மா? யாரும்மா உன்னக் கேட்டாங்க? எனக்குக் கல்யாணமே வேணாம் போ" என்று அழுதாள். அழுதுகொண்டே அந்த வழுக்கைத் தலையைத் தடவித் தடவிக் கொடுத்தாள். அண்ணி மகளுடைய தோளுக்கு மேலாக என்னைப் பார்த்தார். சொல்லிவிடட்டுமா என்று கேட்கிற பார்வை. நான் கூடாது என்று தலையை ஆட்டினேன். அவ்வளவுதான், அண்ணி கண்ணை மூடிக்கொண்டார்.

மாசியில் மொட்டை போட்டவளுக்குச் சித்திரையில் ஒரு அங்குலமாவது முடி வளர்ந்திருக்க வேண்டும். அண்ணிக்கு ஒரு பூனைமுடிகூட முளைக்கவில்லை, இருந்த புருவமும் போய்விட்டது. வருஷப் பிறப்புக்குப் பாப்பா போன் பண்ணினாள். நாலு நாள் லீவு கிடைக்கும், வரட்டுமா என்று கேட்டாள். அப்போது அண்ணி மருந்து ஏற்றிக்கொண்டு எங்கள் வீட்டில்தான் படுத்திருந்தார். போனை எடுத்த நான், அவரிடம் கொடுக்காமலே, "வராத கண்ணு. வெயிலு மண்டையப் பொளக்குது. கோட்டைப் பாறை பகல்ல வாங்குற சூட்ட ராவெல்லாம் வுடுது. உங்கம்மா ஜோரா இருக்குது. லீவ நிச்சயத்துக்கு வச்சிக்க" என்றேன். "அம்மாகிட்டக் குடுங்க அத்த" என்றாள். "தூங்குது" என்றேன். அண்ணி விழித்துக்கொண்டுதான் இருந்தார்.

மறுவாரம் மாப்பிள்ளையின் அம்மா போன் செய்தார். நிச்சயத்தன்று சம்பந்திக்குப் பூ வைத்து விடுவது அவர்கள் வழக்கமாம். பூ வைக்கிற அளவுக்கு முடி வளர்ந்துவிட்டதா என்று ஆசையாகக் கேட்டார். "ஆங், வந்துடுச்சுங்க, குட்டை குட்டையா" என்று அதற்கும் ஒன்றை அவிழ்த்துவிட்டேன்.

இப்போது எனக்கு டென்ஷன் தலைக்கேறிவிட்டது. குட்டை முடி விக் ஒன்று வாங்கி வந்து போட்டுப் பார்த்தோம். அரைமணி நேரத்தில் தலை முழுக்க வேர்க்குரு. மருந்தால் மெலிந்துபோன தோல், லேசாகச் சொறிந்தாலே புண்ணாகிவிட்டது. "இத்தப் போட்டுக்கினு நிச்சயத்துல உக்காந்தா நான் பாதியிலேயே போயி சேந்துடுவேன்" என்று கழற்றி வீசினார் அண்ணி. துணியால் கட்டினாலும் வேர்வை தாங்கவில்லை. அப்போதுதான் பின்னல் ஞாபகம் வந்தது.

நல்ல பருத்தி நூல், இருபதாம் நம்பர், பால் வெள்ளையில் எடுத்தேன். பிடரியில் வருகிற நுனியில் ஆறு சங்கிலிப் பின்னல் போட்டு ஆரம்பித்து, ஒவ்வொரு வரிசையிலும் இரண்டு பக்கமும் ஒன்று ஒன்று கூட்டி, நெற்றிக்கு வரும்போது அகலமாக விரிகிற மாதிரி முக்கோணம். நடுவில் ஐந்து இதழ்ப் பூக்கள், பூவுக்குப் பூ வலைக்கண். கட்டுவதற்கு இரண்டு பக்கமும் நாடா. பிடரியில் மல்லிகைச் சரம் கோத்துக்கொள்ளத் தனியாக நாலு வளையம். கையில் எடுத்தால் எடையே தெரியாது. இப்படி ஒரு வேலை நான் எந்தக் கல்யாணப் புடவைக்கும் செய்ததில்லை, அதை வெளியே சொல்லிக்கொள்ளவும் எனக்குக் கூச்சமில்லை.

கட்டிப் பார்த்தால், கண்ணுக்குக் கண் தலைத்தோல் தெரிகிறது. வெள்ளைப் பூவுக்கு நடுவில் வெளிறின மண்டை. பிரித்துவிட்டு, கண்ணைச் சின்னதாக்கி மறுபடி போட்டேன். "புழுங்குதுடி" என்றார். மறுபடி பிரித்துப் பெரிதாகப் போட்டேன், தலை தெரிந்தது. நாலு தடவை பிரித்தேன். நிச்சயத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. கடைக்கு வந்தவர்கள்மேல் எல்லாம் எரிந்து விழுந்தேன். எங்கள் வீட்டுக்காரர், "ஏன் இப்பிடி ஆடுற, உண்மையச் சொல்லிட்டுப் போயேன்" என்றார். "நீங்க சும்மா இருங்க. உங்களுக்கு ஒண்ணும் தெரியாது" என்று அவர் வாயை அடைத்தேன்.

ஐந்தாவது தடவைதான் அந்த யோசனை வந்தது. வெள்ளைப் பின்னல் பெரிய கண்ணாகவே இருக்கட்டும். அதற்கு அடியில் கறுப்பு நூலில் இன்னொரு மெல்லிய வலை. வெள்ளைப் பூக்களின் இடுக்கில் கறுப்புத் தெரிந்தால் பார்க்கிறவர்களுக்குக் குட்டை முடி மாதிரியே இருக்கும், இரண்டும் வலை என்பதால் காற்றும் போகும். அவசரமாகக் கடையில் கிடைத்த கறுப்பு நூலை வாங்கி ஆறு நாளில் முடித்தேன்.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. சிவப்பு, கறுப்பு நூல் எதுவானாலும் முதலில் உப்பும் வினிகரும் போட்ட தண்ணீரில் ஊறவைத்து, சாயம் நிற்கிறதா என்று பார்த்து, நிழலில் காயவைத்துத்தான் ஊசியில் ஏற்றுவோம். வாடிக்கைக்காரர்கள் புடவை என்றால் நான் அதைச் செய்யாமல் விட்டதே கிடையாது. இதற்குச் செய்யவில்லை. பின்னி முடித்த பிறகாவது ஊறவைத்திருக்கலாம். நிச்சயத்துக்கு முதல் நாள் ரத்தப் பரிசோதனைக்குப் புதுச்சேரி போய்விட்டு வரவே பொழுது சாய்ந்துவிட்டது. இனி நனைத்தால் காலைக்குள் காயாது. அப்படியே மடித்து வைத்துவிட்டேன்.

காலையில் அண்ணிக்குப் பென்சிலால் புருவம் வரைந்து, அதைக் கட்டி, மல்லிகை கோத்துவிட்டேன். எதிர் வீட்டு அம்மா பால் வாங்கப் போகிற வழியில் பார்த்துவிட்டு, "முடி நல்லா வந்துடுச்சே! இது இன்னா, புது பேஷனா? எனக்கும் ஒண்ணு போட்டுக் குடு" என்றார். அண்ணிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாள் கழித்து அவர் சிரித்ததைப் பார்த்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை, ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

நிச்சயம் செஞ்சியில், மாடியில் இருந்த ஒரு சின்ன ஹாலில். மாப்பிள்ளை வீட்டார் முப்பது பேர் வந்தார்கள். பாப்பா மாம்பழக் கலர்ப் பட்டில் உட்கார்ந்திருந்தாள், அம்மாவைப் பார்த்து, "அழகா இருக்கம்மா" என்றாள். ஐயர் பத்திரிகை படிக்க ஆரம்பித்தார். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது.

ஃபேன் நின்ற ஐந்தாவது நிமிஷத்தில் ஹால் அடுப்பாகிவிட்டது. எல்லோரும் அழைப்பிதழாலும் தட்டாலும் விசிறிக்கொண்டார்கள். அண்ணி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார், முகமெல்லாம் வேர்வை. நான் எதிர்ப்பக்கம் தாம்பாளம் வைத்திருந்த இடத்தில் நின்றேன். அப்போதுதான் பார்த்தேன். அவர் நெற்றிப் பொட்டுக்குப் பக்கத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடு கன்னத்தில் இறங்குகிறது. எனக்கு உயிரே போய்விட்டது. சைகை செய்கிறேன், அவர் என்னைப் பார்க்கவில்லை. இன்னொரு கோடு காதுப் பக்கம் இறங்கியது.

மாப்பிள்ளையின் பெரியம்மா, வயசானவர், சந்தனக் கிண்ணத்தோடு சம்பந்திக்குப் பூசிவிட வந்தார். வந்தவர் நின்றுவிட்டார்.

"இன்னாம்மா இது, கறுப்பா வழியுது?"

அண்ணி கையால் துடைத்தார். கன்னமெல்லாம் இழுகிவிட்டது, வரைந்த புருவமும் சேர்ந்து போனது. பெரியம்மா குனிந்து அந்தப் பின்னலை விரலால் தூக்கிப் பார்த்தார். "உள்ள கறுப்பு நூலா? நல்ல காரியத்துல, பொண்ணப் பெத்தவ தலையில கறுப்பு கட்டிக்கினு வந்து உக்காருவாளா? முதல்ல அத்தக் கழட்டும்மா."

நிச்சயத்தில் யாரும் கறுப்புக் கட்ட மாட்டார்கள். சின்னக் குழந்தைக்குக்கூட அன்றைக்குக் கறுப்புச் சட்டை போட மாட்டோம். எனக்கு அது தெரியாதா? புடவைக் குஞ்சத்தில் கறுப்பு மணி ஒன்று வந்தால்கூட, "விசேஷத்துக்கா?" என்று கேட்டு எடுத்துவிடுகிறவள் நான். ஆனால் இந்த ஆறு நாளும் அது என் கண்ணுக்குக் கறுப்பாகவே படவில்லை. முடியாகத்தான் பட்டது.

நான் ஓடிப்போய்க் குறுக்கே நின்றேன். "இல்லீங்க, அது வேண்டுதல், கழட்டக் கூடாது."

"எந்த சாமிம்மா கறுப்புக் கட்டச் சொல்லுது?" என்றார் பெரியம்மா. அவர் கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நியாயமான கேள்வி. முப்பது பேரும் விசிறுவதை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அண்ணி என் கையைப் பிடித்து ஒதுக்கினார். "போதும் வுடுடி" என்றார். பிடரிக்குக் கையைக் கொண்டுபோய் முடிச்சை அவிழ்த்தார். பூவோடு சேர்ந்து அது அவர் மடியில் விழுந்தது. மொட்டை போட்ட தலை எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். அது அப்படி இல்லை. வழுவழுவென்று, சாயம் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டு, நடுவில் புண் ஆறின தழும்போடு இருந்தது.

"மலையனூர்ல மொட்டை போடலைங்க. எனக்குக் கேன்சரு. தை மாசத்துலேந்து மருந்து ஏத்துறாங்க. என் பொண்ணுக்குத் தெரியாது, அது மேல கோச்சிக்காதீங்க. உங்ககிட்ட மறைச்சது தப்புதான்" என்றார். குரல் உடையவேயில்லை. நான்தான் சுவரைப் பிடித்துக்கொண்டேன்.

பாப்பா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரியம்மாவும் இரண்டு மூன்று ஆண்களும் வெளியே வராந்தாவுக்குப் போனார்கள். பேச்சுச் சத்தம் கேட்டது, வார்த்தை புரியவில்லை. மாப்பிள்ளையின் அம்மா மட்டும் போகாமல் உட்கார்ந்திருந்தார். பஸ் ஸ்டாண்டில் கையைப் பிடித்தவர். அவர் முகத்தில் இருந்த ஏமாற்றத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கடைசியில், "இது பரம்பரையா வர்ற வியாதிங்களா?" என்று கேட்டார்.

"தெரியலீங்க. டாக்டரக் கேட்டுச் சொல்றேன். பொய் சொல்ல மாட்டேன்" என்றார் அண்ணி.

அந்த அம்மா எழுந்து வராந்தாவுக்குப் போனார். அவர் குரல்தான் இப்போது உயர்ந்து கேட்டது. திரும்பி வந்தபோது பெரியம்மாவும் கூட வந்தார், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் வந்தார், ஆனால் வந்தார். "முன்னாடியே ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்த வெயில்ல உங்கள மாடியேற வச்சிருப்பமா? நாங்களே உங்க வூட்டாண்ட வந்து தட்டு மாத்தியிருப்போமே" என்றார் மாப்பிள்ளையின் அம்மா. பிறகு மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் தாம்பாளத்தை எடுத்து வந்தார்கள். மழித்த தலையோடு, சாயம் வழிந்த முகத்தோடு, அண்ணி புருஷன் பக்கத்தில் நின்று தட்டு வாங்கினார். ஆவணியில் கல்யாணம் என்று முடிவானது.

நான் பயந்தது எதுவும் நடக்கவில்லை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்தது. ஹாலை ஒட்டி இருந்த சின்ன அறைக்கு ஓடினேன். பாப்பா ஈரத்துண்டால் அம்மாவின் முகத்தையும் தலையையும் துடைத்துக்கொண்டிருந்தாள். சாயம் போகவே இல்லை, துண்டுதான் கறுப்பாகிக்கொண்டிருந்தது. "எல்லாம் நல்லபடியா முடிஞ்சிடுச்சுடி" என்று அவள் தோளில் கை வைத்தேன். அவள் என் கையை எடுத்து ஓரமாக வைத்தாள்.

"உங்களுக்கு தையிலேந்து தெரியுமா அத்த?"

"தெரியும் கண்ணு. எல்லாம் உனக்காகத்தான்..."

"எனக்கு இந்த மாப்ள போனா இன்னொருத்தர் வருவாரு. சித்திரைக்கு வரட்டுமான்னு கேட்டேன். வராதன்னு சொன்னது யாரு? அம்மா தூங்குதுன்னு சொன்னது யாரு? நாலு மாசம் அத்த. எங்கம்மா கூட நான் இருந்திருக்க வேண்டிய நாலு மாசம். அந்த நாலு மாசத்த எடுக்க நீங்க யாரு?"

கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன், அது எனக்குப் பழக்கம். அவள் துடைத்துக்கொண்டே சொன்னாள். அண்ணிதான், "அவள மட்டும் சொல்லாதம்மா. நானும்தான வாய மூடிக்கினு இருந்தேன்" என்றார்.

அன்றைக்கே பாப்பா லீவு சொல்லிவிட்டு ஊரோடு இருந்துவிட்டாள். புதுச்சேரிக்கு அவளே கூட்டிக்கொண்டு போனாள், கஞ்சி அவளே வைத்தாள். நான் போனால், "வாங்க அத்த" என்பாள், தண்ணீர் கொடுப்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை இருக்காது. நான் ஒரு அரைமணி நேரம் அண்ணியின் காலைப் பிடித்துவிட்டுத் திரும்பி வருவேன். பஸ்ஸில் உட்கார்ந்து அழுவேன். அண்ணி ஆடி மாசம் பதினாலு நாள் ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டுப் போய்விட்டார். மகள் கல்யாணத்தைப் பார்க்கவில்லை. கணக்குப் பார்த்தால், அவளுக்கு அம்மாவோடு கிடைத்தது இரண்டு மாசத்துக்குக் கொஞ்சம் மேல். என்னால் போனது அதைவிட அதிகம்.

கல்யாணத்தைத் தை மாசத்துக்குத் தள்ளி வைத்தார்கள். தாய்மாமன் சீர் எங்களுடையது. தாலி கட்டி முடிந்ததும் பொண்ணும் மாப்பிள்ளையும் பெரியவர்கள் காலில் விழுந்து வந்தார்கள். முதலில் அவளுடைய நைனா, அண்ணியின் புருஷன், தனியாக நின்று அட்சதை போட்டார். அடுத்து நாங்கள். அவள் விழுந்து எழுந்தபோது நான் தோளைப் பிடித்துத் தூக்கினேன். அன்றைக்காவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று ஒரு வாரமாக மனசுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேன். அதற்குள் அவள் என் காதருகே வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி பேசினாள்.

"அத்த, எனக்குத் தெரியாம இன்னும் ஏதாவது வச்சிக்கினு இருந்தா இப்பவே சொல்லிடுங்க."

"ஒண்ணும் இல்லடி கண்ணு. சத்தியமா இல்ல."

அவள் தள்ளி நின்று என் முகத்தைப் பார்த்தாள். நானும் முகத்தைத் திருப்பாமல் நின்றேன். வேண்டுதல் கதையை அவளிடம் சொன்னதும் இதே முகம்தான் என்பது அவளுக்குத் தெரியும். ஐயர் கூப்பிட்டார். அவள் மாலையைச் சரி பண்ணிக்கொண்டு அடுத்தவர் காலில் விழப் போனாள்.